எது எப்போது காயும்? பள்ளி ஓவிய வகுப்பு வேலைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளி ஓவிய வகுப்பில் ஒரு வேலை பாதியில் நின்றுபோனால் பெரும்பாலும் அதற்குக் கை காரணமில்லை, ஈரம்தான் காரணம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை எங்களுக்கு வாரம் ஒரு டிராயிங் பீரியட் இருந்தது. நாற்பது நிமிடம். மேசையைத் துடைத்து, தண்ணீர் பிடித்து வந்து, முடிவில் பிரஷ் கழுவி வைப்பதைக் கழித்தால், உருப்படியாக வேலை பார்க்க இருபத்தைந்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். முழுப் பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இதற்குள் பொம்மை செய்ய முடியுமா, துணிக்குச் சாயம் போட முடியுமா என்றால், முடியும். எது எப்போது காயும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றபடி வேலையைத் துண்டு போட வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். நன்றாக வரைபவர்கள் எங்கள் வகுப்பில் நிறைய பேர் இருந்தார்கள். வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் அவர்களில் பாதிப் பேர்கூட இல்லை.

நான் செய்து பார்த்த வேலைகளில் ஐந்தை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கடைசியில் வரும் தலையாட்டி பொம்மைக்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதுதான் இவற்றில் மிகச் சிறந்த வேலை என்பது என் கட்சி.

முதலில் காலண்டர்

பொருள் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். ஜூன், ஜூலையில் வெயிலும் காற்றும் இருக்கும். காகித வேலை, வண்ண வேலை எல்லாம் மறுநாளே காய்ந்துவிடும். விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும். அந்தச் சமயத்தில் சலித்துப் பிசைந்த களிமண் தெருவிலேயே விற்பனைக்கு வந்துவிடும் என்பதால் களிமண் வேலையை அப்போது வைத்துக்கொள்வது லாபம். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காய்ச்சிய பசை, சாயம், மண் எதையும் தொடாதீர்கள். காகிதக்கூழ் வேலையை மழையில் ஆரம்பித்தால் பொம்மைக்குப் பதிலாகப் பூஞ்சைதான் வளரும். அந்த இரண்டு மாதமும் பென்சில் ஷேடிங், கொலாஜ் (காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்) என்று உலர்ந்த வேலையாகப் பாருங்கள். பொங்கல் முடிந்து பனி குறைந்ததும் பெரிய வேலையை எடுங்கள்.

அப்புறம், காய வைக்கும் இடம். வகுப்பறை ஜன்னல் மேடை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வெயில் படும், போகிறவர் வருகிறவர் கையும் படும். பீரோவுக்கு மேல், மாடிப்படிக்குக் கீழ் என்று காற்று வரும் நிழலாகப் பார்த்து, டிராயிங் சாரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கலர் வீல்

கலர் வீல் என்றால் நிறங்களை வரிசையாக அடுக்கிய வண்ணச் சக்கரம். எல்லாப் பள்ளியிலும் முதலில் தருவது இதுதான், எல்லோருக்கும் அலுத்துப்போவதும் இதுதான். ஆனால் ஒழுங்காகச் செய்தால் மீதி வேலைகளுக்கு வண்ணம் கலக்க யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

காம்பஸால் ஒரு வட்டம் போட்டு, பாகைமானியால் 30 டிகிரிக்கு ஒரு கோடு இழுத்தால் 12 கட்டம் கிடைக்கும். கடிகாரம் மாதிரி நினைத்துக்கொண்டு 12 மணி இடத்தில் மஞ்சள், 4 மணியில் சிவப்பு, 8 மணியில் நீலம் தீட்டுங்கள். 2 மணியில் ஆரஞ்சு, 6 மணியில் ஊதா, 10 மணியில் பச்சை. இந்த ஆறும் ஒன்றையொன்று தொடாத கட்டங்கள், கவனித்தீர்களா? அதனால் ஒரே பீரியடில் ஆறையும் தீட்டிவிடலாம், ஈரம் பக்கத்துக் கட்டத்துக்கு ஓடாது. ஒற்றைப்படை எண்களில் இருக்கும் இடைநிறங்களை அடுத்த வாரத்துக்கு வைத்துவிடுங்கள்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஊதா. சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்று புத்தகம் சொல்லும், கலந்தால் சேற்று நிறம் வரும். கையில் இருக்கும் சிவப்பு பெரும்பாலும் வெர்மிலியன் அல்லது ஸ்கார்லெட் என்பதுதான் காரணம். அவற்றில் மஞ்சள் சாயல் உண்டு. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சேர்ந்தால் பழுப்புதானே வரும்? ஊதாவுக்கு கிரிம்சன் லேக்கையும் அல்ட்ராமரீன் நீலத்தையும் எடுங்கள். ஆரஞ்சுக்கு மட்டும் வெர்மிலியனும் குரோம் மஞ்சளும் வசதி. பளிச்சென்ற பச்சைக்கு லெமன் மஞ்சளும் பிரஷ்யன் நீலமும். ஆக, வட்டத்தில் மூன்று அடிப்படை நிறம் என்றாலும் கைக்கு ஐந்தாறு ட்யூப் தேவைப்படும். சார் கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

வாட்டர் கலர் காய்ந்ததும் வெளுக்கும். ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரியும் நிறம் மறுநாள் சோகை பிடித்த மாதிரி இருக்கும். ஆகவே கலந்த நிறத்தை ஒரு துண்டுத் தாளில் தீட்டி, காய விட்டு, அதற்குப் பிறகு தீர்ப்பு சொல்லுங்கள். சாதாரண டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பும். தாளைப் பரீட்சை அட்டையில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, முழுக்கக் காயும்வரை எடுக்காமல் இருந்தால் தட்டையாக நிற்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த) தாள் வாங்க முடிந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் விலை கொஞ்சம் கடிக்கும்.

தஞ்சாவூர் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உட்பாதையில் இருக்கும் சோழர் கால ஓவியங்களின் கதை இதற்கு நேர் எதிர். அவை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியவை. பூச்சு காய்வதற்குள் வண்ணம் போய்ச் சேர வேண்டும். காயக் காயச் சுண்ணாம்பே வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பூச்சு பூசி, அதற்குள் வரைந்தாக வேண்டும். நமக்குக் காத்திருப்பது கஷ்டம், அவர்களுக்கு முந்துவது கஷ்டம்.

காய்கறி அச்சு

ஒரே பீரியடில் தொடங்கி முடிக்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலை நட்சத்திரம், பாகற்காயில் ஓரம் நெளிந்த வட்டம், வாழை மட்டையில் சின்னச் சின்னக் கட்டங்கள் அடுக்கிய பிறை. வீட்டில் அம்மா காய் நறுக்கும்போது வாலையும் காம்பையும் கேட்டு வாங்கிக்கொண்டாலே போதும்.

வெட்டிய உடனே வண்ணத்தில் தோய்க்காதீர்கள். காயின் நீர் வண்ணத்தைக் கரைத்து, அச்சைக் கறை ஆக்கிவிடும். வெட்டிய முகத்தைப் பழைய நாளிதழ் மேல் கவிழ்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். அதற்குள் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துப் பிழிந்து, அதன் மேல் போஸ்டர் கலரைத் தண்ணீர் கலக்காமல் தடவினால் மைப்பெட்டி தயார். அச்சிடும் தாளுக்குக் கீழே நாளிதழை நாலாக மடித்து மெத்தையாக வைத்தால், காய் கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் முழுக்கப் பதியும். நேராக வைத்து, நேராக எடுங்கள். திருகினால் போச்சு.

உருளைக்கிழங்கில் எழுத்து செதுக்குவதானால் எழுத்து கண்ணாடியில் தெரிவது மாதிரி திரும்பி இருக்க வேண்டும். டிரேசிங் தாளில் எழுதி, தாளைத் திருப்பிப் போட்டு நகல் எடுங்கள். ‘ட’வும் ‘க’வும் எப்படித் திரும்பும் என்று தலைக்குள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிளேடு வேலையைப் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

களிமண்

மண் வேலையில் விரிசல்தான் எதிரி. மண் காயும்போது சுருங்கும். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த இடம் இன்னும் ஈரமாக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் பிளக்கும். காதும் தும்பிக்கையும் கழன்று விழுவது இதனால்தான். எங்கும் ஒரே தடிமன் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு விரல் தடிமனைத் தாண்ட வேண்டாம். பெரிய உருவமாக இருந்தால் உள்ளே குடைந்துவிடுங்கள். கிராமத்து அய்யனார் கோயில் மண் குதிரைகள் இத்தனை பெரிதாக இருந்தும் உள்ளே வெறுமையாக இருப்பது சும்மா இல்லை. கெட்டியாக இருந்தால் காய்வதற்குள்ளோ சூளையிலோ வெடித்துவிடும்.

முதலில் மண்ணைப் பலகையில் அடித்துப் பிசைந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு உருட்டித் திரித்த மண் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, உள்பக்கம் விரலால் வழித்துச் சேர்த்தால் சின்னப் பானை வந்துவிடும். சக்கரமே தேவையில்லை. கைப்பிடி, காது எதை ஒட்டினாலும் இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, மண்ணைத் தண்ணீரில் தளரக் குழைத்து அந்தச் சேற்றைத் தடவி ஒட்டுங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் காய்ந்ததும் தனியே வந்துவிடும்.

முடியவில்லை, அடுத்த வாரம் தொடர வேண்டும் என்றால் ஈரத் துணியைச் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைக் கட்டுங்கள். முடிந்த வேலை என்றால் நிழலில், பையைத் தளர்வாக மூடி, ஓரிரு நாள் கழித்து முழுக்கத் திறந்து காய விடுங்கள். சுடாத மண் தண்ணீரில் கரையும் என்பதால் மேலே வாட்டர் கலர் வேண்டாம். அக்ரிலிக்கோ தண்ணீர் குறைத்த போஸ்டர் கலரோ நிற்கும்.

முடிச்சுச் சாயம்

மதுரைச் சுங்குடி தெரிந்திருக்கும். சௌராஷ்டிர சமூகத்தார் வளர்த்த கைத்தொழில், 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. புள்ளிக்குப் புள்ளி நூலால் கட்டி, சாயத்தில் முக்கி எடுப்பது அதன் முறை. ஒரு சேலை முழுக்க இப்படிக் கட்டுபவர்களின் பொறுமை நமக்கு வராது. ஒரு கைக்குட்டை போதும்.

துணி சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்ததில் இந்தச் சாயம் சரியாக ஏறாது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், வெந்நீரில் அலசிப் போக்குங்கள். பழைய வெள்ளை வேட்டியின் கிழிந்த துண்டு கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. துணிக்குள் ஒரு பட்டாணியையோ கடலைப்பருப்பையோ வைத்து, அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றுங்கள். நூல் இறுகிய இடத்தில் வெள்ளை வளையம் வரும். இந்தக் கட்டும் வேலைக்கே ஒரு பீரியட் ஓடிவிடும்.

அடுத்த வாரம் சாயம். பருத்திக்கான சாயப் பவுடரை, பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவு வெந்நீரில் உப்போடு கரைக்க வேண்டும். அடுப்புப் பக்கம் ஆசிரியர் இருக்கட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துணியை நனைத்துப் பிழிந்த பிறகு முக்கினால் சாயம் சமமாக ஏறும். அரை மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்து, எடுத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள்.

இப்போதே முடிச்சை அவிழ்த்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அவிழ்க்காதீர்கள். ஈரத் துணியில் மிச்சச் சாயம் வெள்ளைக்குள் ஊறிவிடும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு அவிழ்த்தால் வளையம் சுத்தமாக நிற்கும். இரண்டு நிறம் வேண்டுமென்றால் வெளிர் நிறம் முதலில்: மஞ்சளில் முக்கிக் காய வைத்து, இன்னும் சில முடிச்சுகள் போட்டு, பிறகு சிவப்பில். முதல் முடிச்சுகள் வெள்ளையாகவும் இரண்டாவதாகப் போட்டவை மஞ்சளாகவும் வரும். சமையல் மஞ்சளிலும் சாயம் போடலாம், விளையாட்டுக்கு நன்றாக இருக்கும். சோப்பு பட்டால் சிவக்கும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், சர்ட்டுக்கு ஆகாது.

தலையாட்டி பொம்மை

சரி, பெரிய வேலைக்கு வருவோம். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையைத் தள்ளிவிட்டால் சாய்ந்து எழுந்து நிற்கும். வகுப்பில் எல்லோரும் ‘அடியில் கனம் வைத்தால் எழும்’ என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். அடிப்பாகம் அரைக்கோளமாக இருக்க வேண்டும், பொம்மையின் மொத்தப் புவியீர்ப்பு மையமும் அந்தக் கோளத்தின் மையத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அரைக்கோளத்தின் விளிம்பு இருக்கும் மட்டம்தான் கோளத்தின் மையம். பொம்மையின் கனத்தை அந்தக் கோட்டுக்குக் கீழே வைத்திருப்பதுதான் முழு வேலையும்.

முதல் வாரம், அடி. மலிவான பிளாஸ்டிக் பந்து ஒன்றை வாங்கிச் சரிபாதியாக வெட்டுங்கள். கொட்டாங்குச்சி தோதாகத் தெரியும். ஆனால் எல்லாக் கொட்டாங்குச்சியும் ஒழுங்கான உருண்டையாக இருக்காது, பொம்மை ஒரு பக்கமே சாய்ந்து நிற்கும். அரைப் பந்தை ஒரு டேப் சுருளின் மேல் உட்கார வைத்து, விளிம்பு நாலு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் உள்பக்கம் அடி நடுவில் எம்-சீலைப் (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் ஒட்டு) பிசைந்து வைத்து, கூழாங்கற்களை அதில் பதியுங்கள். கல் உருளவே கூடாது. மறுநாளுக்குள் நன்றாக இறுகிவிடும். கையில் ஒட்டாமல் இருக்க பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு பிசையலாம்.

இரண்டாம் வாரம், உடம்பு. சார்ட் அட்டையைக் கூம்பாகச் சுருட்டி விளிம்பில் டேப்பால் ஒட்டுங்கள். தலைக்கு பிங்பாங் பந்து. இப்போது தள்ளிப் பாருங்கள். சட்டென்று எழ வேண்டும். தயங்கித் தயங்கி எழுந்தால் இன்னும் கல் வேண்டும் என்று அர்த்தம், ஏனென்றால் இனிமேல் ஏறப்போகும் காகிதமும் வண்ணமும் எல்லாம் மேல் பக்கக் கனம். கூம்பைக் கழற்றிக் கல்லைச் சேர்க்க இதுதான் கடைசி வாய்ப்பு.

மூன்றாம் வாரம், காகிதம். பசையை அன்று காலை வீட்டிலேயே காய்ச்சிக் கொண்டு வாருங்கள், நம் ஊர் வெயிலில் மைதா பசை ஒரு நாளிலேயே புளித்துவிடும். ஒரு பங்கு மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு பங்கு தண்ணீரில் ஊற்றிக் கிளறினால், வெள்ளை நிறம் மாறிப் பளபளப்பாக வரும்போது பதம். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பள்ளி வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

நாளிதழைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்திருப்பதால் மேட்டுக்கோடு தெரியாமல் படியும். நாளிதழ் ஒரு திசையில் நேராகக் கிழியும், மறு திசையில் கோணலாகப் போகும். இரண்டு பக்கமும் கிழித்துப் பார்த்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். பட்டையைப் பசையில் தோய்த்து, இரண்டு விரலுக்கு நடுவே வழித்து, அதிகப் பசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஒட்டுங்கள். முதல் அடுக்கு தமிழ் நாளிதழ் என்றால் இரண்டாவது ஆங்கில நாளிதழ். எந்த இடம் விட்டுப்போனது என்று எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பீரியடுக்கு இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், உள்ளே ஈரம் தங்கினால் நாறும். கழுத்து இணைப்பில் மட்டும் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள்.

ஒட்டி முடித்ததும் பொம்மையைத் தள்ளினால் எழாது. பயப்பட வேண்டாம். நனைந்த காகிதம் கனம், அந்தக் கனம் முழுக்க மேலே இருக்கிறது. காய்ந்த பிறகு தள்ளிப் பாருங்கள், எழும். காய வைக்கும்போது டேப் சுருளின் மேலேயே நிற்கட்டும், சாய்ந்து கிடந்தால் உடம்பு கோணிக்கொள்ளும். நேர் வெயிலும் வேண்டாம்.

நான்காம் வாரம் இன்னும் ஓர் அடுக்கு, போதும். இதே முறையில் பலூன் மேல் முகமூடி செய்பவர்களுக்கு நாலைந்து அடுக்கு தேவைப்படும், பலூன் மேல் முதலில் தேங்காய் எண்ணெய் தடவவும் வேண்டும். பலூனையும் வெயிலில் வைக்காதீர்கள். பகலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, இரவில் சுருங்கி, ஈரக் காகிதம் சுருக்கம் சுருக்கமாகிவிடும்.

ஐந்தாம் வாரம், பூச்சு. சாக்பீஸை நுணுக்கிச் சலித்து, ஃபெவிகாலும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, இன்னொரு பூச்சு. நாளிதழ் எழுத்து மறைந்து வழவழப்பாக வர வேண்டும். அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மண்ணில் பார்த்த அதே விரிசல் இங்கேயும் வரும், கனமும் ஏறும். இந்தக் கட்டத்தில் அலுப்புத் தட்டும். ஆனால் பொம்மை கடைப் பொம்மை மாதிரி தெரிவதும் நாளிதழ் உருண்டை மாதிரி தெரிவதும் இந்தத் தேய்ப்பைப் பொறுத்துத்தான்.

ஆறாம் வாரம், வண்ணம். பெரிய பரப்பு முதலில்: உடை, முகம், கை. அது காய்வதற்குள் கரை, நகை என்று ஆரம்பிக்காமல், அவற்றை ஏழாம் வாரத்துக்கு விடுங்கள். கண்ணைக் கடைசியாக எழுதுங்கள். நுனி மெல்லிய பிரஷ், கை நடுங்கினால் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். எல்லாம் காய்ந்த பிறகு வார்னிஷ் ஒரு கை. போஸ்டர் கலர் போட்டிருந்தால் தண்ணீரில் கரையும் வார்னிஷ் வண்ணத்தையும் இழுத்துக்கொண்டு வரும், ஆகவே ஸ்ப்ரே வார்னிஷை வெளியில் வைத்து அடியுங்கள். பெயர், வகுப்பு, பிரிவை வார்னிஷுக்கு முன்னால் பின்பக்கம் எழுதிவிடுங்கள். வார்னிஷுக்கு மேல் பேனா பிடிக்காது.

எடுத்து வைப்பது

காகித வேலைகளைத் தட்டையாக, நடுவில் ஒரு வெற்றுத் தாள் வைத்து அடுக்குங்கள். பொம்மையை நாளிதழில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டினால் மிச்ச ஈரம் வெளியேற வழியிருக்காது. ஆண்டு விழாக் கண்காட்சியில் மேசைக்கு விரிப்பு போட்டிருப்பார்கள். அதன் மேல் தலையாட்டி பொம்மை சரியாக ஆடாது. ஒரு பரீட்சை அட்டையைக் கையோடு கொண்டுபோய், அதன் மேல் நிறுத்துங்கள்.